ஒரு முளை குறைகிறது

பாட்டுகளைப் பற்றிக் கேட்காதீர்கள், ஒன்றும் நினைவில் இல்லை.
மூன்று நாளும் ஒரே பாட்டைத்தான்
பதினான்கு குழுக்கள் வெவ்வேறு கோபத்தில் பாடின
என்று சொன்னால் ரெகுலா இப்போதும் அடிக்க வருவாள்.

ட்ரூப்ஷாக்கனுக்கு மேலே, காடு தொடங்குகிற இடத்தில்
கெர்பரின் புல்வெளி.
இரண்டாம் புல்லறுப்பு முடிந்திருந்தது.
மாடுகள் இன்னும் மலைமேல்.
வாடகை ஆயிரத்து இருநூறு பிராங்க், ஒரு பீப்பாய் பியர்,
ஒரு நிபந்தனை:
"ஒரு ஆணிகூட என் புல்லில் கிடக்கக் கூடாது.
மாடு பார்த்துத் தின்னாது. வயிற்றைக் கிழித்துவிடும்."
பச்சைக் கொண்டை வைத்த பேயாட்
வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரித் தலையாட்டினான்.

எனக்குக் குவளைக் கொட்டகை.
வெறுங்குவளை தந்தால் இரண்டு பிராங்க் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
வயது பத்தொன்பது. இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம்.
வீட்டில் சொல்லியிருந்தது: பேர்ணில் ஜெர்மன் வகுப்பு.
படித்தேன்தான். ரெகுலா பத்துச் சொல் கற்றுத் தந்தாள்,
பத்தும் கெட்ட சொல்.

ஒலிபெருக்கி முதன்முதல் உறுமியபோது
நான் மேசைக்குக் கீழே இருந்தேன்.
எப்படிப் போனேன் என்று தெரியாது.
ரெகுலா குனிந்து பார்த்தாள். காரணம் கேட்கவில்லை.
தானும் உள்ளே தவழ்ந்து வந்து
காதுக்கு மஞ்சள் பஞ்சு இரண்டு தந்தாள்.
அடுத்த குழு ஏறும்வரை
அங்கேயே இருந்து குவளை எண்ணினோம்.

சனிக்கிழமை இரவு மழை. ஜெனரேட்டர் செத்தது.
லோசானிலிருந்து வந்தவள் மைக் இல்லாமல் கத்த,
முன்னூறு பேர் சேற்றில் குதித்தார்கள்.
நானும். ஒரு சப்பாத்துப் போயிற்று.
விழுந்தேன்.
யாரோ கக்கத்தில் கை கொடுத்து
நெல்மூட்டை போலத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனான்,
முகம்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் எனக்கு மிஞ்சியது திங்கட்கிழமைதான்.

கொண்டை சரிந்த நாற்பது நனைந்த சேவல்கள்
கை நீளம் இடைவெளி விட்டு
புல்வெளியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு.
கூடார முளைகள் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.
"மெதுவாய்! தரையைப் பார்த்து நட!" பேயாட் கத்தினான்.

எனக்கா சொல்கிறான்.
பள்ளிக்கூடப் பாதையில்
முன்னால் போனவளின் அடிக்குள் என் அடியை வைத்து
நடந்து வளர்ந்தவளுக்கு.
கம்பி, தகரம், கிளறிய மண்ணின் வேறு நிறம்,
கண் தானாகப் பிரித்துவிடும்.
கால் மணி நேரத்தில் பதினொரு முளை.
"எப்படியடி?" என்றார்கள்.
"கண் நல்லது" என்றேன்.

பன்னிரண்டாவது ஒரு வெள்ளைப் பூக்கொத்துக்குள் இருந்தது,
தலை வளைந்து, பாதி மண்ணில்.
குனிந்தேன்.
தொட்டேன்.
இழுத்தேன், வந்தது.
ஒன்றும் நடக்கவில்லை.
கெர்பரின் டிராக்டர் எங்கோ இருமியது.
அதைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"இருநூற்றுப் பதினொன்று" என்றான் பேயாட்.
மறுபடி நடந்தோம். மறுபடி எண்ணினான்.
மழை வேறு பிடித்துக்கொண்டது.
ரயிலைத் தவறவிட்டவர்கள், வேலிக்கு அந்தப்பக்கம் வாந்தியெடுத்துவிட்டு வந்தவர்கள்,
ஒருவரும் போகவில்லை,
பெயர்கூடத் தெரியாத ஒரு மாட்டுக்காக.
நானும் தேடினேன், எல்லோரையும்விடக் கவனமாக.
தொடையில் அது குத்திக்கொண்டே இருந்தது.
வாய் திறக்கவில்லை.

கடைசியில் கெர்பர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
மாடுகளை ஒரு கிழமை தள்ளி இறக்குகிறேன் என்றார்.

இருபத்தாறு வருடம்.
போன கோடையில் ரெகுலா கோப்பி குடிக்க வந்தாள்.
இப்போது தூனில் பல் வைத்தியர், முடி சாம்பல்.
பல்கனியில் தக்காளித் தொட்டியைப் பார்த்தாள்.
கொடியின் நூல் கட்டியிருந்த முளையைப் பார்த்தாள்.
வளைந்த தலையை.
என்னை.

பிறகு, கற்றுத் தந்த பத்தில்
முதலாவது சொல்லைச் சொன்னாள்.

தக்காளி அந்த வருடம் சரியாகக் காய்க்கவுமில்லை.